செந்தொப்பிப் பூவுக்குப் பெயர் சூட்டியவர்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்ம் வரை ஏறியவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளில் பனிமூட்டம் இறங்கும் காலை வேளையில், மூக்கடைப்புக்கும் நெஞ்சுச் சளிக்கும் நம்மவர் தேடுவது ஒரு சிறு தைலப் புட்டியைத்தான். யூகலிப்டஸ் எண்ணெய் என்றாலும் நீலகிரித் தைலம் என்றாலும் நெடி ஒன்றே. அந்த மரத்தை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் பெர்டினான்ட் வொன் முல்லர்.

இவர் 1825ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் செருமனியின் ரோஸ்டாக் துறைமுக நகரில் பிறந்தார். காசநோய் அக்குடும்பத்தை அரித்தது. இருபது வயதை எட்டும் முன்பே தாய் தந்தை இருவரையும் இழந்தார். மருந்தாளர் பயிற்சி பெற்று, கீல் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வுக்காக 1847இல் முனைவர் பட்டம் பெற்றார். எஞ்சிய சகோதரிகளையாவது காப்பாற்ற வேண்டுமே! வெப்ப நாடு நல்லது என்ற மருத்துவ அறிவுரையை ஏற்று, அவ்வாண்டே இரு சகோதரிகளுடன் கப்பலேறி அடிலெய்டு வந்து சேர்ந்தார். அங்கு மருந்துக் கடையில் வேலை. ஓய்வு கிடைத்தால் காடு.

1853இல் விக்டோரியா அரசு அவரைத் தன் முதல் அரசுத் தாவரவியலாளராக அமர்த்தியது. குதிரைமீது ஆயிரக்கணக்கான மைல்கள் திரிந்தார். 1855, 1856ஆம் ஆண்டுகளில் அகஸ்டஸ் கிரிகொரி தலைமையில் வட ஆஸ்திரேலியாவைக் கடந்த ஆய்வுக்குழுவிலும் இருந்தார். 1857இல் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

1860இல் அவர் விவரித்த ஒரு செடியை இங்குச் சொல்லியாக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஆற்றுப் பகுதியில் ஓல்ட்பீல்டு என்பவர் திரட்டிய மாதிரி அது. யூகலிப்டஸ் எரித்ரோகொரிஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் செந்தலைக்கவசம் என்று பொருள். வானளாவிய மரமன்று. சுண்ணாம்புப் பாறை நிறைந்த வறண்ட கடலோரத்தில், பெரும்பாலும் அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து வளரும் புதர். மொட்டின்மேல் நான்கு மூலையுள்ள சிவப்புத் தொப்பி இருக்கும். அது கழன்று விழுந்ததும் மஞ்சள் மகரந்தத்தாள்கள் விரியும். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத மண் அது. 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கேமரன் மலையில் அதை நட்டால் வேர் அழுகிப் போகும்.

இடமறிந்து வாழும் இந்தச் செடிக்குப் பெயர் வைத்தவரோ, ஒரு மண்ணில் நன்மை செய்யும் மரம் எம்மண்ணிலும் நன்மை செய்யும் என்று நம்பினார். யூகலிப்டஸ் விதைகளைப் பொட்டலம் பொட்டலமாக உலகெங்கும் அனுப்பினார். அவர் ஊக்கத்தால் ஜோசப் பொசிஸ்டோ 1850களில் விக்டோரியாவில் எண்ணெய் வடிக்கத் தொடங்கினார். இம்மரம் சதுப்புநிலக் காய்ச்சலை விரட்டும் என்று முல்லர் உறுதியாகப் பரப்பினார். ரோம் நகரருகே துறவிகள்கூட நட்டுப் பார்த்தனர். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல், முல்லர் மறைந்த மறு ஆண்டு.

நீலகிரிக்கு யூகலிப்டஸ் வந்தது 1843இல். அதாவது முல்லர் ஆஸ்திரேலியாவில் கால் வைப்பதற்கும் முன்பு. அந்தப் பழியை அவர்மேல் ஏற்ற முடியாது. ஆனால் அங்கு நடந்தது அவருடைய நம்பிக்கைக்கு ஒரு விடை. விறகும் தைலமும் கிடைத்தன. சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்திருந்த புல்வெளிகள் மரத்தோப்புகளுக்குள் மறைந்தன. விக்டோரியாவில் முல்லரே ஆர்வத்தோடு தூவிய கருமுள்ளிப்பழ விதைகள், பின்னாளில் அம்மாநிலத்தின் தீராத களையாயின.

அவருக்கு நேர்ந்த இழப்புகளும் சிறியவை அல்ல. ஆஸ்திரேலியத் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்து எழுதுவது அவர் வாழ்நாள் கனவு. அப்பணி இலண்டனில் இருந்த ஜார்ஜ் பெந்தமிடம் போனது. ஆஸ்திரேலியாவுக்கு ஒருமுறைகூட வராதவர் அவர்! முல்லர் மனம் புண்பட்டாலும் தம் மாதிரிகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார். 1863 முதல் 1878 வரை வெளிவந்த அந்த ஏழு தொகுதிகளும் அவர் உழைப்பின்றி நிறைவேறியிரா.

1873இல் பூங்காவையும் இழந்தார். மெல்பர்ன் மக்கள் புல்தரையும் நீரூற்றும் பூப்பாத்தியும் கேட்டனர். அவரோ வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகை மாட்டிய மரங்களைக் கொடுத்தார். பொறுப்பு வில்லியம் கில்பாய்ல் கைக்குச் சென்றது. அவர் அமைத்த பூங்கா அழகானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முல்லருக்கு அரசுத் தாவரவியலாளர் பதவி மட்டும் மிஞ்சியது.

அதற்குமேல் அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1877இல், ஐம்பத்திரண்டு வயதில், மேற்குக் கரையின் ஷார்க் விரிகுடா வரை சென்று செடி திரட்டினார். 1879 முதல் 1884 வரை யூகலிப்டஸ் இனங்கள் பற்றிய படநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். வூர்ட்டம்பர்க் அரசர் பிரபு பட்டமும் பிரிட்டிஷ் அரசு வீரப்பட்டமும் அளித்தன. திருமணப் பேச்சு நிச்சயம் வரை வந்தும் கைகூடவில்லை. வாடகை அறைகளில் எளிமையாக வாழ்ந்து, ஊதியத்தின் பெரும்பகுதியை ஆய்வுக்கே செலவிட்டார்.

1896 அக்டோபர் 10ஆம் நாள் காலமானார். செயின்ட் கில்டா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1853இல் அவர் தொடங்கிய உலர்தாவரத் தொகுப்பு இன்று பதினைந்து இலட்சம் மாதிரிகளாகப் பெருகியுள்ளது. அது இருப்பது அவரை விலக்கிய அதே பூங்காவுக்குள்.