ரகுநாத நாயக்கர்

ரகுநாத நாயக்கர் (ஆட்சிக்காலம்: 1600 – 1634) தஞ்சாவூரை ஆண்ட நாயக்க மன்னர்களுள் மூன்றாமவர் ஆவார். தெலுங்கு, வடமொழிப் புலவராகவும் வீணைக் கலைஞராகவும் புகழ் பெற்றவர். தென்னிந்திய இசையில் இன்று வாசிக்கப்படும் 24 மெட்டுகள் கொண்ட தஞ்சாவூர் வீணை இவரது அவையில் உருப்பெற்றதாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கை

இவர் அச்சுதப்ப நாயக்கரின் மகன். தந்தை உயிருடன் இருந்தபோதே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அமைச்சரும் அறிஞருமான கோவிந்த தீட்சிதர் இவருக்குத் துணையாக இருந்தார். விசயநகர அரசுரிமைப் போட்டியில் இவர் இராமதேவராயரை ஆதரித்துக் கல்லணைக்கு அருகிலுள்ள தோப்பூரில் நடந்த போரில் வெற்றி பெற்றார். 1620 ஆம் ஆண்டில் டேனியருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் வணிகம் செய்ய இடம் அளித்தார். அங்கு டேனியர் எழுப்பிய டேன்சுபோர்க் கோட்டை இன்றும் உள்ளது.

இலக்கியப் பணி

வால்மீகி சரித்திரம் உள்ளிட்ட நூல்களை இவர் தெலுங்கில் இயற்றினார். இவரது அவையில் பெண் புலவர்களும் சிறப்புற்றிருந்தனர். இராமபத்ராம்பா இவரது வாழ்வைப் பொருளாகக் கொண்டு இரகுநாதாப்யுதயம் என்னும் வடமொழிக் காவியத்தைப் பாடினார்.

வீணைச் சீரமைப்பு

பழைய வீணைகள் பலவற்றில் மெட்டுகளை நகர்த்த முடியும். ஓர் இராகத்தை வாசித்து முடித்து வேறோர் இராகத்தைத் தொடங்கும்போது, அதற்குரிய சுரத்தானங்களுக்கு ஏற்ப மெட்டுகளை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. இவ்வகை, ஏகராக மேள வீணை எனப்பட்டது. எல்லாச் சுரத்தானங்களுக்கும் மெட்டுகளை நிலையாக அமைத்த வகை, சர்வராக மேள வீணை எனப்பட்டது. ஒரு தாயிக்குப் (எண்மம்) 12 மெட்டுகளாக இரண்டு தாயிகளுக்கு 24 மெட்டுகளைப் பதித்தால், எந்த இராகத்தையும் மெட்டை நகர்த்தாமல் ஒரே வீணையில் வாசிக்கலாம்.

இம்மெட்டுகள் வெண்கலத்தால் ஆனவை. கரிப்பொடி கலந்த தேன்மெழுகின்மீது இவை பதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மெட்டின் இடமும் செவியால் கேட்டே முடிவு செய்யப்படுகிறது. மெழுகு நாளடைவில் இளகி மெட்டுகள் விலகுவதால், அவ்வப்போது மீண்டும் மெட்டுக் கட்ட வேண்டும்.

இதே நூற்றாண்டில் பாரிசு நகரில் வொபோவாம் குடும்பத்தினர் புகழ்பெற்ற கிதார்களைச் செய்து வந்தனர். அக்காலக் கிதார்களின் கழுத்தில் குடல் நரம்பைச் சுற்றிக் கட்டிய, நகர்த்தக்கூடிய மெட்டுகளே இருந்தன.

கருத்து வேறுபாடுகள்

தஞ்சாவூர் வீணையை ரகுநாதரே கண்டுபிடித்தார் எனப் பரவலாகக் கூறப்பட்டாலும் அதை அப்படியே ஏற்பது கடினம். 1550 ஆம் ஆண்டளவில் இராமாமாத்தியர் எழுதிய சுரமேள கலாநிதியிலேயே சர்வராக மேள வீணை பற்றிய விளக்கம் உள்ளது. அந்நூல் ஒரு வகை வீணையை அச்சுதராயரின் பெயரால் அச்சுதராசேந்திர மேள வீணை என்று குறிக்கிறது. கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகையில் இரகுநாதேந்திர மேள வீணை விளக்கப்படுகிறது. ஆகவே விசயநகரத்தில் தொடங்கிய முயற்சி தஞ்சையில் தொடர்ந்து நிலைபெற்றது எனக் கொள்வதே பொருத்தமானது.

சங்கீத சுதா என்னும் இசை நூல் ரகுநாதர் இயற்றியதாக வழங்குகிறது. ஆயினும் அதை எழுதியவர் தம் தந்தையே என வேங்கடமகி குறிப்பிட்டுள்ளார்.

தாக்கம்

ரகுநாதரின் மகன் விசயராகவ நாயக்கர் காலத்தில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். ஒரு தாயியின் 12 சுரத்தானங்களை அடிப்படையாகக் கொண்ட இப்பகுப்பையும், அதே 12 தானங்களுக்கும் மெட்டுகளை நிலையாகக் கொண்ட வீணையையும் இணைத்து நோக்குவது வழக்கம்.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுகிறது. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை எனப்படும். வாசிப்பதற்கு 4 தந்திகளும் தாளத்திற்கு 3 தந்திகளும் உள்ளன. 2013 ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ரகுநாதர் கும்பகோணத்தில் எழுப்பிய இராமசாமி கோயிலில், பட்டாபிசேகக் கோலத்தில் உள்ள இராமன் அருகே அனுமன் வீணை ஏந்தியவாறு காட்சியளிக்கிறார்.