காரணத்தை மறவாதவர்: ஃபிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையோரப் பண்ணையொன்றில், ஹாரியட் பெய்லி என்ற அடிமைப் பெண்ணுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிறந்த நாளை அக்குழந்தைக்கு எவரும் சொல்லவில்லை. அடிமைகளின் வயது விதைப்புக் காலம், அறுவடைக் காலம் என்ற கணக்கிலேயே பேசப்பட்டது. உடைமையாளரின் கணக்கேட்டில் மட்டும் 1818 பிப்ரவரி என்றொரு குறிப்பு இருந்தது. சொத்து ஒன்று கூடியதைப் பதிந்துவைத்த குறிப்பு அது. தாய் பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள வேறொரு பண்ணையில் உழைத்தார். இரவில் நடந்துவந்து மகனுடன் சற்று நேரம் படுத்திருந்து, விடியுமுன் திரும்பிவிடுவார். மகனுக்கு ஏழு வயதாகும்போது அவரும் இறந்தார். தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பின்னாளில் ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற பெயரால் உலகம் அறிந்த மனிதரின் தொடக்கம் இதுதான்.

எட்டு வயதளவில் சிறுவன் பால்டிமோர் நகரிலிருந்த ஆல்ட் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டான். வீட்டுத் தலைவி சோபியா ஆல்ட் அவனுக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் ஹியூ அதைத் தடுத்தார். படிக்கத் தெரிந்த அடிமை அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான் என்பது அவர் கருத்து. அந்தத் தடையே சிறுவனுக்கு வழிகாட்டியாயிற்று. எதை மறைக்கிறார்களோ அதில்தான் விடுதலை இருக்கிறது என்று கண்டுகொண்டான். தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் துறையில் மரங்களின்மேல் தச்சர்கள் இட்ட அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். பன்னிரண்டு வயதில், சேர்த்துவைத்த ஐம்பது காசுக்குப் பேச்சுக்கலை நூலொன்றை வாங்கி மறைவாகப் படித்தான்.

பதினாறாம் வயதில் அவர் எட்வர்டு கோவி என்பவரிடம் அனுப்பப்பட்டார். பணியாத அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பெயர்பெற்ற குடியானவர் கோவி. மாதக்கணக்கில் சவுக்கடி பட்டபின் ஒருநாள் டக்ளஸ் திருப்பித் தாக்கினார். அதன்பிறகு கோவி அவர்மேல் கைவைக்கவில்லை. 1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை அணிந்து, சுதந்திரமான கறுப்பின மாலுமி ஒருவரின் சான்றுத்தாளை வைத்துக்கொண்டு பால்டிமோரில் ரயில் ஏறினார். மறுநாள் நியூயார்க் சேர்ந்தார். அவருக்குத் துணைநின்ற அன்னா மரே என்ற சுதந்திரமான கறுப்பினப் பெண் பின்தொடர்ந்து வந்து அவரை மணந்தார். இருவரும் மாசசூசெட்ஸின் நியூ பெட்போர்டில் குடியேறினர். தேடுவோர் கண்ணில் படாமலிருக்க ஒரு புதிய பெயர் வேண்டியிருந்தது. தங்க இடமளித்த நண்பர் அப்போது வால்டர் ஸ்காட்டின் காவியமொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதன் பாத்திரம் ஒன்றின் பெயரையே தேர்ந்துகொடுத்தார். அவர் உலகறிந்த பெயர் ஒரு கவிதையிலிருந்து வந்தது.

1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் அவர் முதன்முறையாகப் பெரும் அவையில் பேசினார். வில்லியம் லாயிட் காரிசன் தலைமையிலான இயக்கம் அவரைப் பேச்சாளராக்கியது. இவ்வளவு தெளிவாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று மக்கள் ஐயுற்றனர். அதற்கு விடையாக 1845இல் தம் வரலாற்றை எழுதி, உடைமையாளர் பெயர், ஊர்ப் பெயர் அனைத்தையும் அச்சிட்டார். தப்பிய வழியை மட்டும் சொல்லவில்லை. அவ்வழியே வரவிருப்போர்க்கு அது இடராகும். நூல் வெளிவந்தபின் பிடிபடும் அச்சம் மிகுந்தது; அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார். 1846இல் அங்கிருந்த அன்பர்கள் 150 பவுன் திரட்டிச் சட்டப்படி அவரை விலைக்கு வாங்கி விடுவித்தனர். நாடு திரும்பி, நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் 1847இல் 'வடமீன்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார்.

இங்கேதான் பிரிவினை பற்றிய கேள்வி அவரை முதலில் எதிர்கொண்டது. அதை எழுப்பியவர்கள் தென்னாட்டவர் அல்லர். அரசியலமைப்புச் சட்டமே அடிமைமுறையோடு செய்துகொண்ட உடன்படிக்கை, ஆகவே வட மாநிலங்கள் அந்த ஒன்றியத்திலிருந்து விலகிக் கறைபடாமல் நிற்கவேண்டும் என்றார் காரிசன். டக்ளஸும் சில ஆண்டுகள் அதை ஏற்றிருந்தார். நாளடைவில் அவருக்கு ஒன்று உறுத்தியது. வடக்கு விலகினால் வடக்கின் மனச்சான்று தூய்மையாகும். தெற்கிலுள்ள அடிமைகளோ எசமானர் கையில் தனித்துவிடப்படுவர். அச்சட்டத்தின் சொற்களைக் கொண்டே அடிமைமுறையை எதிர்க்க முடியும் என்று 1851இல் அறிவித்தார். தம்மை வளர்த்த ஆசானோடு உறவு முறிந்தது. அம்முறிவு இருவருக்கும் ஆறாத புண்ணாயிற்று.

1850இல் இயற்றப்பட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டம் வடக்கையும் வேட்டைக்களமாக்கியது. பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணை இல்லை. தம் தரப்பில் சாட்சி சொல்லும் உரிமையும் இல்லை. அவரை அடிமையென்று தீர்த்த ஆணையருக்குப் பத்து டாலர் கூலி. விடுவித்தால் ஐந்து டாலர். டக்ளஸ் வீட்டில் இரவில் தங்கி, ஒன்டாரியோ ஏரியைக் கடந்து கனடா சென்றோர் பலர். வட மாநிலங்கள் சில அச்சட்டத்துக்குத் தடையாகத் தம் சட்டங்களை இயற்றியபோது, மைய அரசின் கை ஓங்கவேண்டும் என்று முழங்கியவை தென் மாநிலங்களே. மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று பின்னாளில் சொன்னவர்கள் மறந்துவிட்ட செய்தி இது.

1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் இருந்தனர். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் அவர்கள் விளைவித்த பருத்தி. அவ்வாண்டு நவம்பரில் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருக்கும் மாநிலங்களில் அடிமைமுறையைத் தொடுவதாக அவர் கூறவில்லை. மேற்கிலுள்ள புதிய நிலப்பகுதிகளுக்கு அது பரவக்கூடாது என்றே கூறினார். அதுவே போதுமானதாயிற்று. பரவாத அடிமைமுறை, புதிய சுதந்திர மாநிலங்கள் பெருகப் பெருக, ஆட்சி மன்றத்தில் வலுவிழந்து ஒருநாள் மாயும் என்று பண்ணையார்கள் கணக்கிட்டனர். தெற்கின் வெள்ளையர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் அடிமைகள் இல்லை. கறுப்பர் தமக்குச் சமமாகிவிடுவர் என்ற அச்சம் அவர்களையும் பண்ணையாரோடு சேர்த்தது. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. 1861 பிப்ரவரிக்குள் மேலும் ஆறு மாநிலங்கள் பிரிந்தன. தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகியவை காரணத்தை அறிக்கையாகவே வெளியிட்டன. அவற்றில் மறைவு ஏதுமில்லை. அடிமைமுறைக்கு நேர்ந்த இடரே காரணம் என்று எழுதின. புதிய கூட்டமைப்பின் அரசியலமைப்பும் அடிமையுடைமையைத் தடைசெய்யும் சட்டம் கூடாதென விதித்தது.

வடக்கோ எப்படியேனும் சமரசம் செய்துகொள்ளத் துடித்தது. டக்ளஸ் மனம் தளர்ந்தார். கறுப்பின மக்கள் குடியேற ஹெய்ட்டித் தீவு ஏற்றதா என்று பார்த்துவரப் பயணத்துக்கும் ஆயத்தமானார். ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டைமீது தெற்கின் பீரங்கிகள் வெடித்தன, பயணம் கைவிடப்பட்டது. மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்து, எண்ணிக்கை பதினொன்றாயிற்று. போர் ஒன்றியத்தைக் காக்கவே, அடிமைகளை விடுவிக்க அன்று என்று லிங்கனின் அரசு கூறியது. அடிமைமுறையுடைய நான்கு எல்லை மாநிலங்கள் விலகாதிருக்க அப்படிச் சொல்லவேண்டியிருந்தது. டக்ளஸ் தம் இதழில் இடைவிடாது இரண்டைக் கேட்டார்: அடிமைகளை விடுவியுங்கள், கறுப்பர் கையில் படைக்கலம் கொடுங்கள். தெற்கின் வயலை உழுது படைக்குச் சோறிடுவது அடிமைகளின் உழைப்பு. அதைத் தொடாமல் போரிடுவது வேரை விட்டுக் கிளையை வெட்டுவது என்பது அவர் வாதம்.

1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தது. டக்ளஸ் ஊர் ஊராகச் சென்று படைக்கு ஆள் திரட்டினார். முதலில் பெயர் கொடுத்தவர்களுள் அவருடைய மக்கள் சார்லஸும் லூயிஸும் இருந்தனர். லூயிஸ் அவ்வாண்டு ஜூலையில் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் போரிட்டு உயிர் தப்பினார். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரனுக்கு உடைச் செலவு போக 7 டாலரே கைக்கு வந்தது. தம் சொல்லை நம்பிச் சென்ற இளைஞர்களுக்கு நேர்ந்த இவ்வநீதி டக்ளஸைச் சுட்டது. ஆகஸ்டில் லிங்கனை நேரில் கண்டு முறையிட்டார். உடனே பயன் கிட்டவில்லை. எனினும் தம்மைச் சமமாக நடத்திய மனிதர் என்ற மதிப்போடு திரும்பினார். சம ஊதியச் சட்டம் 1864இல் வந்தது. போர் முடியும் முன் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் ஒன்றியப் படையில் சேர்ந்திருந்தனர். 1865இல் தெற்கு பணிந்தது. ஆண்டு முடிவதற்குள் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. இரு தரப்பிலும் மாண்டோர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர்.

அவருடைய இரண்டாம் போர் அதன்பின் தொடங்கியது. தோற்ற தலைவர்கள் நூல்கள் எழுதினர். போர் மாநில உரிமைக்காகவே நடந்ததென்றும், அடிமைமுறை அதற்கொரு சாக்கு என்றும் அவற்றில் நிறுவ முயன்றனர். பிரிந்தபோது தாமே வெளியிட்ட அறிக்கைகளை மறந்தனர். போரில் களைத்த வடக்கு அதைக் கேட்க விரும்பியது. வெள்ளையர் கைகுலுக்கிக்கொள்ள அது வசதியாக இருந்தது. இறந்த வீரர்களை நினைவுகூரும் நாள்தோறும் டக்ளஸ் மேடையேறி, இரு தரப்பின் வீரமும் ஒன்றாகலாம், இரு தரப்பின் நோக்கமும் ஒன்றாகாது என்று வற்புறுத்தினார். 1870இல் தெற்கின் தளபதி லீ மறைந்தபோது நாடெங்கும் எழுந்த புகழுரைகளைத் தம் இதழில் கண்டித்தார்.

குறையற்ற வாழ்வன்று அவருடையது. 1877இல் தெற்கிலிருந்து மைய அரசு தன் படைகளைப் பின்வாங்கி, கறுப்பின மக்களை அவர்களுடைய பழைய எசமானர்களிடமே விட்டது. அதே அரசில் அதே ஆண்டு அவர் தலைநகரில் உயர்பதவி ஏற்றார். தம் கட்சிமீது கொண்ட பற்று அவர் குரலைத் தாழ்த்தியது என்று அவருடைய மக்களிடையேயே மனக்குறை இருந்தது.

அந்த 1877இல்தான் அவர் தம்மை உடைமையாகக் கொண்டிருந்த தாமஸ் ஆல்டைக் காணப் போனார். கிழவர் சாகும் படுக்கையில் கை நடுங்கக் கிடந்தார். இருவரும் கண் கலங்கினர். டக்ளஸ் கேட்டவற்றுள் ஒன்று, தாம் பிறந்தது எப்போது என்பது. 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்றார் ஆல்ட். நாளை அவராலும் சொல்ல முடியவில்லை.

தம் வரலாற்றை டக்ளஸ் மூன்று முறை எழுதினார்: 1845, 1855, 1881. ரயிலேறித் தப்பிய வழியை மூன்றாம் நூலில்தான் முழுமையாகச் சொன்னார். அப்போது அதனால் இடருறுவோர் எவருமில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று, பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு வாஷிங்டனிலுள்ள தம் இல்லம் திரும்பியவர் அன்று மாலையே உயிர் நீத்தார். உடல் ரோச்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைவதற்கு ஐந்தாண்டு முன்பு, கூட்டமைப்பின் தலைநகராக இருந்த ரிச்மண்டில் தளபதி லீக்குக் குதிரைமேல் அமர்ந்த பெருஞ்சிலை எழுப்பப்பட்டது. போரின் காரணம் பற்றிய வழக்கு அதன் நிழலிலும் பாடநூல்களிலும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. 2021 செப்டம்பரில் அச்சிலை பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. அது நின்ற ஆண்டுகள் 131.