மிகைல் புல்ககோவ்

மிகைல் அஃபனாசியெவிச் புல்ககோவ் (மே 15, 1891 – மார்ச் 10, 1940) ரஷ்ய மொழியில் எழுதிய புதின ஆசிரியரும் நாடகாசிரியரும் ஆவார். தொழிலால் இவர் ஒரு மருத்துவர். சாத்தான் தன் பரிவாரத்துடன் சோவியத் கால மாஸ்கோவுக்கு வந்து சில நாட்கள் தங்கிச் செல்வதைக் கூறும் "மாஸ்டரும் மார்கரீட்டாவும்" என்ற புதினம் இவரது முதன்மையான ஆக்கமாகக் கருதப்படுகிறது. இயற்கை கடந்த நிகழ்வுகளைக் கருவாகக் கொண்ட புதினங்களைத் தேடிப் படிப்போருக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் நூல்களுள் இதுவும் ஒன்று. 1928 முதல் இறப்புக்குச் சில வாரங்கள் முன்பு வரை இவர் எழுதித் திருத்திய இந்நூல், இவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்தே அச்சேறியது.

இளமை

புல்ககோவ் அன்றைய ரஷ்யப் பேரரசின் கீவ் நகரில் ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தந்தை கீவ் இறையியல் கழகத்தில் பேராசிரியர். பாட்டனார் இருவரும் மரபுவழித் திருச்சபையின் குருமார்கள். பிற்காலத்தில் பொந்தியு பிலாத்துவின் கதையைத் தம் புதினத்தின் நடுவே வைத்தவருக்கு விவிலியம் வீட்டிலேயே பழகிய நூலாக இருந்தது. தந்தை 1907-இல் சிறுநீரக நோயால் இறந்தார்.

மருத்துவப் பணி

1913-இல் தத்தியானா லாப்பாவை மணந்த புல்ககோவ், 1916-இல் கீவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தின் நிகோல்ஸ்கோயே என்ற சிற்றூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தொண்டை அடைப்பான் கண்ட குழந்தை ஒன்றுக்குச் சிகிச்சை அளித்தபோது, தமக்கும் தொற்றக்கூடும் என அஞ்சி மருந்து ஊசி போட்டுக்கொண்டதாகவும், அதன் ஒவ்வாமையைத் தாங்க மார்பின் எடுக்கத் தொடங்கி அதற்கு அடிமையானதாகவும் தத்தியானா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மருந்தில் சிறிது சிறிதாகத் தூய நீரைக் கலந்து கணவரை அப்பழக்கத்திலிருந்து மீட்டவரும் அவரே. "மார்பின்" என்ற சிறுகதையும் "இளம் மருத்துவரின் குறிப்புகள்" என்ற கதைகளும் இக்காலத்திலிருந்து பிறந்தவை.

1918-இல் கீவ் திரும்பியபோது உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. நகரம் பலமுறை கைமாறியது. 1919-இல் வெண்படை இவரை மருத்துவராகச் சேர்த்துக்கொண்டு வடக்கு காக்கேசியாவுக்கு அனுப்பியது. வெண்படை பின்வாங்கியபோது இவர் டைபசு காய்ச்சலில் கிடந்ததால் உடன் செல்ல இயலவில்லை. தம்பியர் இருவர் வெளிநாடு சென்றுவிட்டனர். புல்ககோவ் மருத்துவத்தைக் கைவிட்டு 1921-இல் மாஸ்கோ வந்து சேர்ந்தார்.

மாஸ்கோவில்

பல்ஷாயா சதோவயா தெரு 10-ஆம் எண் கட்டடத்தில், பல குடும்பங்கள் பகிர்ந்து வாழ்ந்த 50-ஆம் எண் வீட்டில் இவருக்கு ஓர் அறை கிடைத்தது. சண்டையும் கூச்சலும் நிறைந்த அவ்வீட்டையே பின்னர் சாத்தான் குடியேறும் வீடாகப் புதினத்தில் அமைத்தார். தொடர்வண்டித் தொழிலாளர் நாளிதழான கூதோக்கில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார்.

"வெண் காவலர்" புதினம் 1925-இல் இதழொன்றில் தொடராக வந்து, இதழ் நின்றுபோனதால் முடிவுபெறாமல் நின்றது. தெருநாய் ஒன்று அறுவை மருத்துவத்தால் மனிதனாகும் "நாயின் இதயம்" குறுநாவலையும் 1925-இல் எழுதினார். 1926 மே மாதம் இரகசியக் காவல்துறையினர் வீட்டைச் சோதனையிட்டு அதன் கைப்பிரதியையும் நாட்குறிப்பையும் எடுத்துச் சென்றனர். அக்குறுநாவல் சோவியத் ஒன்றியத்தில் 1987-இல்தான் வெளியானது.

1926 அக்டோபரில் மாஸ்கோ கலை அரங்கில் மேடையேறிய "தூர்பின் குடும்பத்தின் நாட்கள்" நாடகம் பெரும் வரவேற்புப் பெற்றது. ஸ்டாலின் அதைப் பலமுறை பார்த்தார். ஆனால் திறனாய்வாளர்களின் தாக்குதல் ஓயவில்லை. 1929-இல் இவருடைய நாடகங்கள் அனைத்தும் மேடையிலிருந்து நீக்கப்பட்டன.

எரித்த கைப்பிரதி

1930 மார்ச்சில் மூலியேர் பற்றிய நாடகமும் தடை செய்யப்பட்டபோது, சாத்தானைப் பற்றி எழுதிவந்த புதினத்தின் படியைப் புல்ககோவ் தாமே அடுப்பில் இட்டார். தாள்கள் கிழிக்கப்பட்ட குறிப்பேடுகள் சில மட்டும் எஞ்சின. மார்ச் 28 அன்று அரசுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டை விட்டு வெளியேற விடுமாறும், இல்லையேல் அரங்கில் ஏதேனும் வேலை தருமாறும் கேட்டார். ஏப்ரல் 18 அன்று ஸ்டாலினே தொலைபேசியில் அழைத்தார். கவிஞர் மயகோவ்ஸ்கி தற்கொலை செய்துகொண்டு நான்கு நாட்களே ஆகியிருந்தன. உண்மையிலேயே வெளிநாடு செல்ல விருப்பமா என்ற கேள்விக்கு, ரஷ்ய எழுத்தாளர் தாய்நாட்டை விட்டு வாழ இயலாது என்ற பொருளில் புல்ககோவ் விடையளித்தார். கலை அரங்கில் உதவி இயக்குநர் வேலை கிடைத்தது. வெளிநாடு செல்லும் வாய்ப்பு பிறகு வரவேயில்லை.

1932-இல் எலேனா ஷிலோவ்ஸ்காயாவை மணந்தார். இது இவருடைய மூன்றாம் திருமணம். எரித்த புதினத்தை மீண்டும் எழுதத் தொடங்கினார். அச்சில் வராது என்று தெரிந்தே எழுதி, நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் படித்துக் காட்டினார். மூலியேர் நாடகம் 1936-இல் மேடையேறி ஏழே காட்சிகளில் நிறுத்தப்பட்டது. 1939-இல் இளவயது ஸ்டாலினைப் பற்றி "பாத்தூம்" என்ற நாடகத்தையும் எழுதினார். இது இவரது வாழ்வில் விளக்கக் கடினமான செயலாகும். அச்சமா, பிழைப்பா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். நாடகக் குழுவுடன் ஜார்ஜியாவுக்குத் தொடர்வண்டியில் புறப்பட்ட சில மணி நேரத்தில், பயணம் தேவையில்லை என்ற தந்தி வந்தது. அதன்பின் இவரது பார்வை மங்கத் தொடங்கியது. தந்தையைக் கொன்ற சிறுநீரக நோய் என்பதை மருத்துவரான இவர் அறிந்திருந்தார்.

புதினத்தின் இயல்பு

மாஸ்கோ பூங்காவொன்றில் இலக்கியச் சங்கத் தலைவர் ஒருவர், இயேசு என்ற மனிதர் வாழ்ந்ததே இல்லை என்று ஓர் இளங்கவிஞருக்கு விளக்கிக்கொண்டிருக்கையில், வோலண்ட் என்ற வெளிநாட்டுப் பேராசிரியர் குறுக்கிடுகிறார். அவரே சாத்தான். பேசும் பெரிய கறுப்புப் பூனையும் அவருடன் வருகிறது. பேய்க்கதையின் அச்சத்தை எதிர்பார்த்து வருவோர் முதலில் சிரிக்கவே நேரும். வோலண்டின் கூட்டம் செய்வது பெரும்பாலும் மனிதரின் பேராசையை வெளிப்படுத்துவதே: அரங்கில் பணத்தாள்களைப் பொழியச் செய்கிறார்கள், மக்கள் பாய்கிறார்கள், பின்னர் அவை வெற்றுத் தாள்களாகின்றன. ஐம்பதாம் எண் வீட்டில் சாத்தான் வருவதற்கு முன்பே ஆட்கள் காரணமின்றிக் காணாமல் போயிருந்தார்கள் என்று கதை போகிற போக்கில் சொல்கிறது. அது யாருடைய வேலை என்பதை அக்கால வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இடையிடையே வரும் எருசலேம் அத்தியாயங்கள் வேறு நடையில் அமைந்தவை. அற்புதங்கள் எல்லாம் மாஸ்கோவில் நிகழ, எருசலேமில் ஏறக்குறைய எதுவுமே நிகழ்வதில்லை. தலைவலியால் வாடும் ஆளுநர் பிலாத்து, குற்றமற்றவர் என்று அறிந்த ஒருவரை, பேரரசருக்கு அஞ்சித் தூக்கிக் கொடுக்கிறார். அக்கோழைத்தனத்தின் சுமை நூற்றாண்டுகள் அவரை விடுவதில்லை. ஆன்மிகப் புதினம் என்ற வகையில் இந்நூலின் மையம் இதுவே. நற்செய்தி நூல்களின் மறுகூறலாக இதை அணுகுவோர் ஏமாறக்கூடும்.

மறைவும் வெளியீடும்

படுக்கையில் இருந்தபடியே திருத்தங்களைச் சொல்ல, எலேனா எழுதிவந்தார். 1940 பிப்ரவரி நடுவில் அப்பணி நின்றது. மார்ச் 10 அன்று 48-ஆம் வயதில் மாஸ்கோவில் காலமானார். நோவோதேவிச்சி கல்லறையில் இவருக்கு வைக்கப்பட்டுள்ள கல், முன்பு கோகோலின் கல்லறையில் இருந்தது. எலேனா அதைத் தேடிக் கண்டெடுத்தார்.

கைப்பிரதியை எலேனா கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்தார். "மாஸ்க்வா" இதழ் 1966 நவம்பரிலும் 1967 சனவரியிலும் அதை வெளியிட்டது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தணிக்கையால் நீக்கப்பட்டிருந்தது. நீக்கப்பட்ட பகுதிகளை வாசகர்கள் தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்டனர். முழு வடிவம் சோவியத் ஒன்றியத்தில் 1973-இல் வெளிவந்தது. எலேனா 1970-இலேயே மறைந்துவிட்டார்.

மிக் ஜாகர் 1968-இல் எழுதிய பாடலொன்றுக்கும், சல்மான் ருஷ்டியின் "சாத்தானின் வசனங்கள்" புதினத்துக்கும் இந்நூல் தூண்டுதலாக இருந்தது. மாஸ்கோவின் 50-ஆம் எண் வீடும் கீவில் இவர் வளர்ந்த வீடும் அருங்காட்சியகங்களாயின. "வெண் காவலர்" உக்ரைனியத் தேசியத்தைச் சித்தரித்த விதம் கீவில் நெடுங்காலமாக விமர்சிக்கப்படுகிறது. 2022-இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பின்னர், உக்ரைனிய எழுத்தாளர் சங்கம் அங்குள்ள அருங்காட்சியகத்தை மூடக் கோரியது.

ஆசிரியர் இறுதித் திருத்தத்தை முடிக்காததால் புதினத்தில் சில முரண்கள் எஞ்சியுள்ளன. மாஸ்டரும் மார்கரீட்டாவும் தத்தம் இடங்களில் இறந்ததாக ஓர் அத்தியாயம் கூற, பின்னுரையோ அவர்கள் தடயமின்றி மறைந்ததாகக் கூறுகிறது. நீளத்துக்குத் தயங்குவோர் "நாயின் இதயம்" குறுநாவலிலிருந்து தொடங்கலாம்.