யுவி கிளாஸ் முதல் 3டி பிரிண்டர் வரை: வெளிச்சத்தால் தாரை இறுக வைத்த நியெப்ஸ் யார்?

புதுச்சேரி நேரு வீதியில் கர்வ்டு டிஸ்ப்ளே போனுக்கு 'யுவி கிளாஸ்' போடச் சொன்னால், கடைக்காரர் பசையை ஊற்றி, கண்ணாடியை வைத்து, மேலே சின்ன ஊதா விளக்கைப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் பசை இறுகிவிடும். ஜெல் நெயில் பாலிஷ், கல்யாணப் பத்திரிகையில் பளபளக்கும் யுவி கோட்டிங் எல்லாம் இதே டெக்னிக்தான். பெயர், யுவி க்யூரிங்.

வெளிச்சம் பட்டால் இறுகும் பொருளை வைத்து வேலை வாங்க முடியும் என்று காட்டிய முன்னோடி, ஜோசஃப் நிசெஃபோர் நியெப்ஸ். பலருக்கும் அவரை முதல் போட்டோ எடுத்தவராக மட்டும்தான் தெரியும்.

யார் இவர்?

1765 மார்ச் 7-ல் பிரான்ஸின் ஷலோன்-சுர்-சோன் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய வருடமும் அதுதான். அண்ணன் க்ளோதுடன் சேர்ந்து, படகை ஓட்டும் ஒரு உள்ளெரி எந்திரத்தை உருவாக்கினார். 1807-ல் அதற்கு நெப்போலியனின் காப்புரிமை கிடைத்தது.

1816-ல், புதுச்சேரி கடைசி முறையாக பிரான்ஸிடம் வந்த அதே வருடம், கேமராப் பெட்டிக்குள் விழும் காட்சியைப் பதிக்க முயன்றார். வெள்ளி உப்பு பூசிய காகிதத்தில் உருவம் விழுந்தது. ஆனால் வெளியே எடுத்தால் காகிதம் முழுசாகக் கறுத்துப்போனது.

தார் எப்படி இறுகியது?

கறுக்கும் பொருளை விட்டுவிட்டு, இறுகும் பொருளுக்கு மாறினார் நியெப்ஸ். 'யூதேயா பிட்டுமென்' என்ற இயற்கைத் தாரை லாவெண்டர் எண்ணெயில் கரைத்து, உலோகத் தகட்டில் மெல்லிசாகப் பூசினார். வெளிச்சம் பட்ட இடத்தில் தாரின் மூலக்கூறுகள் பிணைந்து கரையாத படலமாயின. படாத இடத்தை எண்ணெயால் கழுவ முடிந்தது. இதில் முக்கிய வேலை செய்வது நீல ஒளியும் புற ஊதாக் கதிரும்.

இன்றைய யுவி பசையில் திரவ ரெசினுடன் 'ஃபோட்டோ இனிஷியேட்டர்' கலந்திருக்கும். யுவி பட்டதும் அது உடைந்து, ரெசின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துவிடும். காய்வதற்குக் காத்திருக்க வேண்டாம். நியெப்ஸிடம் அந்த வேகம் இல்லை. 1826-27 வாக்கில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த புகழ்பெற்ற படத்துக்குப் பல மணி நேரம் ஆனது. பல நாட்கள் ஆகியிருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

அவருக்கு போட்டோ மட்டும் குறியில்லை. 1826-ல் ஒரு கார்டினலின் அச்சுப்படத்தைத் தார் பூசிய தகட்டின் மேல் வைத்து வெயில் காட்டி, பிறகு அமிலத்தால் அரித்து, அச்சடிக்கும் தகடாகவே மாற்றினார்.

பெயர் ஏன் பின்னால் போனது?

1827-ல் லண்டனில் ராயல் சொசைட்டி வரை போனார். செய்முறையை வெளியே சொல்ல மறுத்ததால் அங்கே கதவு திறக்கவில்லை. எந்திரக் கனவில் குடும்பப் பணத்தைக் கரைத்த அண்ணன் 1828-ல் இறந்தார். கடன் நெருக்க, 1829-ல் லூயி டகேருடன் கூட்டு ஒப்பந்தம் போட்டார். 1833 ஜூலை 5-ல் எதுவும் கைக்கு வராமலேயே இறந்துபோனார்.

ஆறு வருடம் கழித்து, வெள்ளித் தகட்டை வைத்து டகேர் உருவாக்கிய முறை உலகப் புகழ் பெற்றது. பிரான்ஸ் அரசு டகேருக்கு வருடம் 6,000 பிராங்க், நியெப்ஸின் மகன் இசிதோருக்கு 4,000 பிராங்க் கொடுத்தது. ஜன்னல் படம் இருந்த தகடு 1952-ல்தான் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இன்று எங்கே இருக்கிறது அந்த ஐடியா?

போட்டோகிராபி டகேரின் வெள்ளி வழியில் வளர்ந்தது. நியெப்ஸின் இறுகும் வழி தொழிற்சாலைக்குள் போனது. அச்சுத் தகடு, சிப் தயாரிப்பு, ரெசின் 3டி பிரிண்டர் எல்லாம் அந்த வழிதான். நமக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழைக்கு மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சும் யுவியில் இறுகியதுதான்.