நெய்யூர் வைத்தியர் சோமர்வெல்

பிறர் ஏறாத உயரத்திற்கு ஏறினோரை உலகம் புகழ்கின்றது. அவ்வுயரத்தினின்று இறங்கிவந்து, எளியோர் நடுவே ஒரு சிற்றூரில் தம் வாழ்நாளைச் செலவிட்டோரை அது எளிதில் மறந்துவிடுகின்றது. இவ்விருவகைப் பெருமையும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் தியடோர் ஹவார்ட் சோமர்வெல். மேல்நாட்டார் அவரை எவரெஸ்ட் மலைமேல் ஏறிய வீரராக அறிவர். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்ட மலையகத் தமிழராகிய நாமோ, அவரை வாய்ப்புற்று நோயாளரின் வைத்தியராக அறிதல் வேண்டும். நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு இவ்விழா மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கிக் கூறுதல் பொருத்தமுடையதாகும்.

சோமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் வடபால் உள்ள கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குடும்பத்தார் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திய செல்வர். ரக்பி பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கற்று, இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். பின்னர் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி வைத்தியசாலையில் வைத்தியம் பயின்றார். சித்திரம் வரைவதிலும் இசையிலும் அவருக்கு மிக்க ஈடுபாடு உண்டு. இவ்வாறு செல்வமும் கல்வியும் கலையும் நிரம்பிய அவருக்குத் தாய்நாட்டிலேயே சுகமான எதிர்காலம் காத்திருந்தது.

முதலாம் உலக யுத்தம் மூண்டது. சோமர்வெல் பிரான்சிலே படை வைத்தியராகப் பணிபுரிந்தார். 1916ஆம் ஆண்டு சோம் நதிப் போரின்போது, காயமுற்ற போர்வீரர் ஆயிரக்கணக்கில் வெளிநிலத்திற் கிடத்தப்பட்டிருந்தனர். வைத்தியரோ மிகச் சிலர். அவ்வளவு துன்பத்திலும் தன்னை முதலிற் கவனிக்குமாறு இரந்தவர் எவருமிலர் என்பது அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. போரின்மேல் அவருக்கு வெறுப்பு உண்டாயிற்று. நோயுற்றோர் பலராயும் வைத்தியர் சிலராயும் உள்ள இடத்திலேயே வைத்தியனுக்கு உண்மையான வேலை உண்டு என்ற எண்ணத்திற்கு இக்காட்சி வித்திட்டது போலும்.

1922இல் எவரெஸ்ட் மலைக்குச் சென்ற பிரித்தானியக் குழுவில் அவர் இடம்பெற்றார். அவ்வாண்டு மே மாதம் மலரி, நோர்ட்டன் முதலியோருடன், செயற்கைப் பிராணவாயுவின் உதவியின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை அடைந்தார். அதன்முன் மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதாகப் பதிவில்லை. ஆயினும் ஜூன் மாதம் பனிச்சரிவில் சுமை தூக்கி வந்த எழுவர் மாண்டனர். இறந்தவர் யாவரும் கீழ்நாட்டாராகவே இருக்க, ஏவியவர் உயிரோடு திரும்பியமை அவர் மனத்தை வருத்திற்று.

அக்கவலையோடு அவர் இந்தியாவின் தென்கோடிவரை பிரயாணம் செய்தார். அங்ஙனம் சென்று சேர்ந்த ஊரே நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டிலேயே அப்பகுதி தமிழ் கூறும் மாநிலத்தோடு இணைந்தது. 1838இல் இலண்டன் மிசன் சங்கத்தார் அங்கு வைத்தியப் பணியைத் தொடங்கியிருந்தனர். சோமர்வெல் சென்றபோது சத்திரசிகிச்சை செய்யவல்ல வைத்தியர் பியூ என்னும் ஒருவரே அங்கிருந்தார். வாயிலில் நோயாளர் கூட்டம் நாள்தோறும் காத்துக்கிடந்தது. சில நாட்கள் அவருக்குத் துணைநின்ற சோமர்வெல், தம் வாழ்வின் வழி இதுவே எனத் துணிந்தார். தாம் பயின்ற இலண்டன் வைத்தியசாலையில் தமக்குக் கிடைக்கவிருந்த பதவியைத் துறந்து, நெய்யூரை அடைந்தார்.

1924இல் மீண்டும் ஒருமுறை எவரெஸ்ட் அவரை அழைத்தது. ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் இருமல் மேலிட்டு அவர் நின்றுவிட, நோர்ட்டன் மட்டும் சிறிது தூரம் மேலே சென்றார். இறங்கும் வழியில், கடுங்குளிராற் கருகிய தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. பேசவும் மூச்சுவிடவும் இயலாது பனியில் அமர்ந்த அவர், இறுதி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்த, அடைப்பு வெளிவந்து உயிர் மீண்டது. வாயும் தொண்டையும் அடைபட்டு உயிருக்குப் போராடுவோரின் நிலையைத் தம் உடலாலேயே அறிந்தவர் அவர் எனலாம்.

இனி, நெய்யூரில் அவர் எதிர்கொண்ட நோயைப் பற்றிக் கூறுவாம். குடற்புண்ணுக்குச் செய்த சத்திரசிகிச்சைகளால் அவர் பெயர் பரவியதாயினும், அவ்வைத்தியசாலைக்கு நெடுங்காலமாகவே ஒரு தனிப் பெருந்துயரம் இருந்தது. அது வாய்ப்புற்று. அவருக்கு முன்னிருந்த வைத்தியருள் பெல்ஸ் என்பார் வாய்ப்புற்றுக்குச் செய்யப்பட்ட 209 சத்திரசிகிச்சைகளைப் பற்றியும், பென்றால் என்பார் திருவிதாங்கூரிற் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றியும் 1908ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எழுதினர். இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் பல ஆண்டுகளிற் காணும் வாய்ப்புற்றை நெய்யூர் வைத்தியர் சின்னாளிற் கண்டனர்.

காரணம் யாது? திருவள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த முறை, பிணியை அறிந்தபின் அதன் மூலத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே பரிகாரம் தேடுதல் அன்றோ? நெய்யூரில் அம்முறையே கையாளப்பட்டது. சோமர்வெல்லோடு பணியாற்றிய ஓர் என்னும் வைத்தியர், நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1933இல் லான்செட் என்னும் வைத்திய இதழில் தம் முடிபை வெளியிட்டார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மென்று வாயில் அடக்கும் வழக்கமே அம்முடிபின் நடுப்பொருள். யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்குக் கடல்வழியே ஏற்றுமதியாயிற்று என்பதை நினைக்குமிடத்து, இத்துயரில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருந்தமை விளங்கும்.

நோயின் போக்கை யாவரும் அறிதல் நன்று. தாம்பூலத்தை அடக்கும் கன்னத்தின் உட்புறத்தில், அல்லது நாவின் ஓரத்தில், முதலில் வெண்மையாகவோ செம்மையாகவோ ஒரு படை தோன்றும். அது நோகாது, ஆதலின் எவரும் பொருட்படுத்தார். சிலர்க்குக் கன்னத்தின் உட்சதை இறுகி, வாயைத் திறப்பதே அரிதாகும். காரம் பட்டால் எரியும். இவ்விறுக்கத்திற்குப் பாக்கே முதற்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பின்பு ஆறாத புண் உண்டாகி, கழுத்தில் கட்டி தோன்றும். முற்றிய நிலையில் புண் கன்னத்தைத் துளைத்து முகத்தை உருக்குலைக்கும். உண்ணவும் பேசவும் முடியாது, நாற்றத்திற்கு அஞ்சி உறவினரும் விலக, நோயாளி தனித்திருந்து மடிவான்.

இத்தகையோரே பெரும்பாலும் நெய்யூருக்கு வந்தனர். நாட்டு மருந்துகளை எல்லாம் முயன்று, காலம் கடந்தபின் வந்தனர். சோமர்வெல்லும் அவர் துணைவரும் கத்தியாற் களையக்கூடியதைக் களைந்தனர். 1898இல் கியூரி தம்பதியர் கண்டறிந்த ரேடியமும் நெய்யூரிற் பயன்படலாயிற்று. ரேடியம் அடங்கிய நுண்ணிய ஊசிகளைக் கட்டியினுள்ளும் அதனைச் சூழவும் குத்தி, குறித்த காலம்வரை வைத்திருந்து எடுப்பர். அதன் கதிர்கள் புற்றின் அணுக்களைச் சிதைக்கும். முகத்தை வெட்டாமலே சிலரைக் குணப்படுத்த இதனால் வழி பிறந்தது. உயிரோடு முகத்தையும் காத்தல் நோயாளிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

1925இல் மார்கரெட் ஹோப் சிம்சன் என்னும் பெருமாட்டியை அவர் மணந்தார். அம்மையாரும் அவரோடு தென்னாட்டில் வாழ்ந்தார். எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் நெய்யூரை நாடினர். 1938இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1940களின் இறுதியில் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரிக்குச் சென்று, சத்திரசிகிச்சை கற்பிக்கும் ஆசிரியரானார். ஒருவர் கை எத்தனை நோயாளரைத் தீண்டவல்லது? தம் கைத்திறனைப் பல கைகளுக்குப் பகிர்ந்தமை அவர் செய்த சிறந்த தானம். 1961இல் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பி, 1962 முதல் 1965 வரை இங்கிலாந்தின் மலையேறுவோர் சங்கத் தலைவராக விளங்கினார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் மறைந்தார். கேரளத்துக் காரக்கோணத்தில் அவர் பெயரால் ஒரு வைத்தியக் கல்லூரி நிலவுகின்றது.

அவர் சமயம் வேறு. நம் சமயம் வேறு. ஆயினும் துன்புற்ற உயிருக்குச் செய்யும் தொண்டு இறைவனுக்குச் செய்யும் தொண்டே என்பது நம் சைவச் சான்றோர் வாழ்ந்து காட்டிய நெறி. அந்நெறியில் நின்று நோக்கின் சோமர்வெல் நமக்கு அயலார் ஆகார்.

அவர் வரலாற்றை நானுஓயாவிலிருந்து எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தென்தமிழ்நாட்டு மண்ணிலிருந்து நம் மூதாதையர் இம்மலைகளுக்கு வந்தபோது, வெற்றிலைப் பையும் உடன் வந்தது. குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் அதுவே துணை என அவர் நம்பினர். கொழுந்து கொய்யும் தாயும், கவ்வாத்து வெட்டும் தந்தையும், லயத்துத் திண்ணையில் அமரும் பாட்டியும் இன்றும் அதனை விட்டாரில்லை. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றே. புகையிலை சேராத பாக்கும் புற்றை விளைக்கும் என 2004ஆம் ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அறிஞர் உறுதிப்படுத்தினர். ஆதலின் புகையிலையை மட்டும் நீக்கினாற் போதும் என்று எண்ணி வாளாவிருத்தல் தவறு. தெய்வத்தின் முன் தாம்பூலம் வைத்தலும் விருந்தினர்க்கு நீட்டி உபசரித்தலும் நம் மரபு. நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கியிருத்தலும், அடக்கியவாறே உறங்குதலும் மரபின்பாற் படா.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. நெய்யூருக்கு அண்மையதாகிய திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கிற்று. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று, நல்ல வெளிச்சத்தில் மக்களின் வாயைத் திறந்து பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றாலாகும் மரணம் மூன்றிலொரு பங்களவு குறைந்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டது. 1980களில் நம் மத்திய மாகாணத்திலும் சுகாதாரப் பணியாளரைக் கொண்டு இத்தகைய சோதனை நடைபெற்றது. பேராதனையில் பல்வைத்திய பீடமும் அதனைச் சார்ந்த வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. சோமர்வெல் காலத்து நோயாளர்க்கு இவ்வசதி ஏது? அவர்கள் காலம் தாழ்த்தி வந்தமைக்கு அறியாமை காரணம். அறிந்த நாம் தாழ்த்துவோமாயின் அதற்கு என்ன சமாதானம் கூறுவோம்?

இக்கல்லூரியிற் கற்றுப் பல பதவிகளில் அமர்ந்துள்ள பழைய மாணவர்காள்! விடுமுறைக்குத் தோட்டத்திற்குத் திரும்பும்போது, பெற்றோருக்குப் புத்தாடையும் பலகாரமும் கொண்டுசெல்கின்றீர்கள். அடுத்த முறை அவர்களைப் பகல் வெளிச்சத்தில் அமரச்செய்து, அன்போடு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் இருபுறம், நாவின் ஓரம், நாவின் கீழ் ஆகியவற்றை நோக்குங்கள். வெள்ளைப் படையோ சிவந்த படையோ, இரு வாரங்கள் கடந்தும் ஆறாத புண்ணோ, வாய் திறக்க இயலாத இறுக்கமோ காணப்படின், நோகவில்லை என்று அவர் மறுத்தாலும் கேளாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கல்வி தந்த கண்ணால் பெற்றோர் உயிரைக் காத்தலினும் பெரிய கைம்மாறு யாது?