கால்வாய் கடந்த வங்கத்துப் பெண்

உலகப் படத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சு நாட்டுக்கும் இடையே நீல நிறத்தில் ஒரு சிறு கீற்றுத் தெரியும். அதுதான் ஆங்கிலக் கால்வாய். பெயர்தான் கால்வாயே தவிர, அது கடல். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். நமது செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேரும் தூரத்தைவிடச் சற்றே கூடுதல் என்று வைத்துக் கொள்ளலாம். பேருந்தில் போனாலே அலுப்புத் தட்டும் அந்தத் தூரத்தை, உடல் விறைக்கும் குளிர்க்கடலில் நீந்திக் கடந்தார் நம் பாரத நாட்டுப் பெண் ஒருவர். அவர்தான் ஆரத்தி சாகா. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்ற பெருமை அவருக்கே உரியது.

ஆரத்தி 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பேசிப் பழகும் வயதிலேயே தாயை இழந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். வீட்டுப் பெரியவர்களுடன் குளிக்கப் போகும் படித்துறையே அவருடைய முதல் நீச்சல் பள்ளி. நான்கு வயதுக் குழந்தை தண்ணீரில் அஞ்சாமல் அளைவதைக் கண்ட தந்தை, மகளை ஹட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்துவிட்டார். பெண் குழந்தை நீந்தக் கற்று என்ன செய்யப் போகிறது என்று அவர் எண்ணவில்லை. அந்த ஒரு முடிவு ஒரு வரலாற்றுக்கே வித்தாயிற்று.

அங்கே ஆரத்திக்கு நல்லாசிரியர் வாய்த்தார். அவர் சச்சின் நாக். 1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்ற வீரர் அவர். ஐந்து வயதிலேயே பந்தயத்தில் பரிசு பெற்ற ஆரத்தி, மாநில அளவில் பற்பல பதக்கங்களைக் குவித்தார்.

1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. சுதந்திர பாரதத்தின் சார்பில் முதன்முதலாக நான்கு பெண்கள் அங்கே சென்றனர். ஓட்டப் பந்தயத்துக்கு நீலிமா கோஷ், மேரி டிசோசா. நீச்சலுக்கு டாலி நசீர், ஆரத்தி சாகா. அப்பொழுது ஆரத்திக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை! நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கையரின் வயது. 200 மீட்டர் மார்பு நீச்சலில் பங்கு கொண்ட அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆயினும் உலகின் தலைசிறந்த வீராங்கனைகளுடன் ஒரே குளத்தில் இறங்கிய அனுபவம் கிடைத்தது. நாடு திரும்பியபின் மற்றொரு நீச்சல் பந்தயத்தில் தன் சொந்தத் தங்கை பாரதியிடமே தோற்றார். அதற்காக அவர் மனம் உடைந்து ஒதுங்கவில்லை. தமக்கு நன்றாக வரும் மார்பு நீச்சலிலேயே கருத்தைச் செலுத்தினார்.

1958ஆம் ஆண்டு பிரஜன் தாஸ் என்ற வங்காள வீரர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் ஆசியர் ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் மிகிர் சென் கடந்து முதல் இந்தியர் ஆனார். ஆண்கள் கடந்த கடலைப் பெண் கடக்கலாகாதா என்ற எண்ணம் ஆரத்தியின் உள்ளத்தில் வேர் கொண்டது. 1926இலேயே அமெரிக்க மங்கை கெர்ட்ரூட் எடர்லி அதைக் கடந்து காட்டியிருந்தார். ஆனால் ஆசியப் பெண் எவரும் அதுவரை கடந்ததில்லை. ஆரத்தியின் பெயரைப் போட்டிக்குப் பரிந்துரைத்தவரே பிரஜன் தாஸ்தான்.

ஆசை மட்டும் இருந்தால் போதுமா? இங்கிலாந்து சென்று வரப் பணம் வேண்டுமே! கழகத்தாரும் நண்பர்களும் முயன்று திரட்டினர். மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராய் உதவினார். மற்றொரு புறம் பயிற்சி நடந்தது. கல்கத்தாவில் தேசபந்து பூங்காக் குளத்தில் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் நீந்தினார்; பிறகு பதினாறு மணி நேரம் நீந்தினார்.

ஆங்கிலக் கால்வாய் ஏன் அத்தனை கடினமானது? முதலாவது குளிர். இரண்டாவது ஏற்றவற்றம். ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். அது நீந்துபவரை ஒரு பக்கமாகவே இழுத்துச் செல்லும். ஆகவே நேர்கோட்டில் 33 கிலோமீட்டர் என்றாலும் நீந்த வேண்டியது அதைவிட மிக அதிகம். மூன்றாவது, துணைக்கு வரும் படகைத் தொடவே கூடாது. உணவைக்கூட நீரில் மிதந்தபடியே உண்ண வேண்டும். தொட்டால் முயற்சி அத்துடன் முடிந்தது.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சர்வதேசப் போட்டி நடைபெற்றது. 23 நாடுகளிலிருந்து 58 பேர் வந்திருந்தனர். அவர்களில் பெண்கள் ஐவரே. பிரான்சின் கிரி நே முனையிலிருந்து நள்ளிரவு கடந்த இருளில் புறப்பட வேண்டும். ஆனால் ஆரத்திக்கு வழிகாட்ட வேண்டிய படகு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. நாற்பது நிமிடந்தானே என்று நாம் நினைப்போம். கடலில் அது பெரிய இழப்பு. சாதகமான நீரோட்டம் கை நழுவிற்று. பல மணி நேரம் நீந்தி இங்கிலாந்துக் கரையை நெருங்கிய வேளையில் எதிர் நீரோட்டம் அவரைப் பிடித்துக் கொண்டது. கை ஓயாமல் வீசியும் கரை நெருங்கவில்லை. இறுதியில் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று.

தவறு அவருடையதன்று. ஊருக்குத் திரும்பியிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் திரும்பவில்லை. அங்கேயே தங்கி மீண்டும் பயிற்சி செய்தார். செப்டம்பர் 24 அன்று அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. ஐந்து நாள் கழித்து, 29ஆம் நாள், மறுபடியும் அதே முனையில் கடலில் இறங்கினார். இம்முறை போட்டியாளர் எவரும் உடன் இல்லை. கடல் ஒன்றே எதிரி. 16 மணி 20 நிமிட நேரம் நீந்தி, நீரோட்டத்தின் இழுப்பால் 42 மைல் தூரம் கடந்து, இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையை அடைந்தார். அந்த அந்நிய மண்ணில் நம் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அப்போது இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் அவரைப் பாராட்டினார். மறுநாள் வானொலி இச்செய்தியை நாடெங்கும் பரப்பியது.

1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை அவரே. தம் பயணத்தில் மேலாளராகத் துணைநின்ற டாக்டர் அருண் குப்தாவை மணந்து, ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். ரயில்வேயில் பணிபுரிந்தார். 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மஞ்சள் காமாலை நோயால் தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். 1999இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

தோழியரே, கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடல் நமக்குப் பக்கத்து வீடு. ஆயினும் நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கடற்கரைக்குப் போனால் முழங்கால் நனைந்ததும் ஓடி வந்துவிடுகிறோம். கடற்கோயில் அருகே அலை இழுப்பு மிகுதி. துணிச்சல் என்று எண்ணி அங்கே இறங்குவது பேதைமை. ஆரத்தியும் முதலில் இறங்கியது கடலில் அன்று, பெரியவர்கள் காவலில் படித்துறையில்தான். பெற்றோர்களே, உங்கள் பெண்களுக்குத் தகுந்த ஆசிரியரிடம், பாதுகாப்பான குளத்தில் நீந்தக் கற்றுக் கொடுங்கள். எல்லாரும் கால்வாயைக் கடக்கப் போவதில்லை. ஆனால் தண்ணீரில் விழுந்த ஒரு தம்பியைக் கரை சேர்க்க நம்மில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தால் அதுவும் பெரிய வெற்றிதான்.

ஆகஸ்டு மாதத் தோல்விக்கும் செப்டம்பர் மாத வெற்றிக்கும் இடையே இருந்தவை முப்பத்து மூன்று நாட்களே. காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதென்று கலங்கும் நாம், ஆரத்தி அந்த நாட்களை எப்படிச் செலவிட்டார் என்பதை எண்ணிப் பார்ப்போம். அரையாண்டுத் தேர்வுக்கு இன்றே படிக்கத் தொடங்குவோம்.