ஐடா பி. வெல்ஸ்: கொல்லப்பட்டவர்களின் கணக்கை எழுதிய பெண்

கொல்லப்பட்டவரையே குற்றவாளியாக்கும் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஐடா பி. வெல்ஸின் நினைவு வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்தும் சுட்டும் எரித்தும் கொன்ற காலத்தில், அக்கொலைகளுக்குப் பத்திரிகைகள் கற்பித்த நியாயத்தை உடைத்தவர் அவர்.

1862 யூலை 16 இல், மிசிசிப்பி மாநிலத்தின் ஹொலி ஸ்பிரிங்ஸில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878 இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய், தந்தை, ஒரு தம்பி ஆகிய மூவரையும் கொண்டுபோனது. 16 வயதில் ஆசிரியையாகி, எஞ்சிய சகோதரங்களைக் காப்பாற்றினார். பின்னர் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குச் சென்றார். 1889 இல் அங்கு வெளிவந்த 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் பங்காளியானார். கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று எழுதியதால் 1891 இல் ஆசிரியர் வேலை பறிபோனது.

அவரது வாழ்க்கையைத் திருப்பியது 1892 மார்ச் மாதம். அவருடைய நெருங்கிய நண்பரும் தபாற்காரருமான தோமஸ் மொஸ், சிலருடன் கூட்டாக ஒரு பலசரக்குக் கடை நடத்தி வந்தார். அருகில் இருந்த வெள்ளையரின் கடைக்கு அது போட்டியாக இருந்தது. ஓர் இரவு ஆயுதங்களோடு அங்கு வந்தவர்கள் மீது கடையில் இருந்தவர்கள் சுட்டார்கள். மறுநாள் பத்திரிகைகள் அந்தக் கடையைக் குடியும் சூதும் நடக்கும் கள்வர் கூடாரமாக வர்ணித்தன. மார்ச் 9 அதிகாலையில் மொஸ், கல்வின் மக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கொல்லப்படும் கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுத்தவர்கள் என்பதே அன்றைய பத்திரிகைகளின் வழமையான கதை. வெல்ஸும் அதுவரை அதை ஓரளவு நம்பியிருந்தார். ஆனால் மொஸ் செய்தது வியாபாரம் மட்டுமே. அந்தக் கதை பொய் என்று மே மாதம் தன் பத்திரிகையில் எழுதினார். அவர் வெளியூரில் இருந்தபோது கும்பல் பத்திரிகை அலுவலகத்தை நாசம் செய்தது. திரும்பினால் உயிர் போகும் என்ற எச்சரிக்கையும் வந்தது.

அவர் நியூயோர்க்கில் இருந்து எழுதினார். 1892 இலும் 1895 இலும் சிறுநூல்களை வெளியிட்டார். கொல்லப்பட்டவரின் பெயர், இடம், திகதி, சொல்லப்பட்ட காரணம் என்று வரிசையாகப் பட்டியலிட்டார். மிகைப்படுத்துகிறார் என்று எவரும் சொல்லமுடியாதபடி, வெள்ளையரின் 'சிக்காகோ ட்ரிபியூன்' வெளியிட்ட கணக்குகளையே ஆதாரமாக எடுத்தார். கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மீது மட்டுமே பாலியல் குற்றச்சாட்டாவது இருந்தது என்பதை அந்த எண்களே காட்டின. மற்றவர்கள் களவு, வாக்குவாதம், வெள்ளையரை அவமதித்தல் போன்ற காரணங்களுக்காகவும், எந்தக் காரணமும் இல்லாமலும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

1893 இலும் 1894 இலும் பிரித்தானியாவுக்குச் சென்று இதைப் பேசினார். உள்நாட்டில் செவிசாய்க்காதவர்களை வெளிநாட்டுக் கண்டனம் உறுத்தியது. அவரை 'நியூயோர்க் டைம்ஸ்' இழிவாகத் திட்டி எழுதியது.

1931 மார்ச் 25 இல் சிக்காகோவில் காலமானார். அதே 'நியூயோர்க் டைம்ஸ்' அவருக்கான இரங்கல் கட்டுரையை 2018 இல்தான் வெளியிட்டது. 2020 இல் புலிட்சர் சிறப்பு விருது வழங்கப்பட்டது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022 இல்தான் வந்தது.

அவர் உயிரோடிருந்தபோது கேட்ட நீதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கொன்றவர்கள் சொன்ன கதையை இன்று வரலாறு ஏற்கவில்லை. அதற்கு அவருடைய பட்டியல்கள் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பெயரையும் இடத்தையும் திகதியையும் எழுதி வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.